நத்தை மேல் அழிந்துபோன மை: பள்ளிக்கு வாங்கிய வாழிடக் கணக்கெடுப்புப் பெட்டி, ஒரு வருடத்துக்குப் பிறகு

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் போகிற சாலையில், கேரள எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் பள்ளி இருக்கிறது. நான் அங்கே மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று ஒரு பெற்றோர் கொடுத்த பணத்தில், போன வருடம் ஜூனில் ‘வாழிடக் கணக்கெடுப்புப் பெட்டி’ ஒன்றை ஆன்லைனில் வாங்கினோம். 7,400 ரூபாய், கூரியர் செலவு தனி. இரண்டு மழைக்காலமும் ஒரு கோடையும் அதை வைத்து வேலை பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது எழுதினால் சரியாக இருக்கும். விற்ற கடையின் பெயரைப் போடவில்லை. இதே பெட்டியை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பல பேர் விற்கிறார்கள், படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: பச்சை நிற ஜிப் பை, உள்ளே வெள்ளை பிவிசி குழாய்கள்.

பைக்குள் நாலு குவாட்ராட் சட்டங்களுக்கான (தரையில் வைத்து உள்ளே இருப்பதை எண்ணுகிற சதுரச் சட்டம்) குழாய்களும் நைலான் கயிறும், 30 மீட்டர் டேப் ஒன்று, பூச்சி வலை ஒன்று, சின்னப் பூச்சியை வாயால் உறிஞ்சிப் பிடிக்கிற உறிஞ்சு குப்பி இரண்டு, குழிப்பொறிக்கு (தரையில் ஓடுகிற பூச்சி விழுவதற்காக மண்ணில் புதைப்பது) பத்து பிளாஸ்டிக் கப், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஐந்து, மண் மீட்டர், உயிரினங்கள் மேல் அடையாளம் வைக்க ஒரு மார்க்கர் பேனா, லேமினேட் செய்த அடையாள அட்டைகள், எட்டுப் பக்கக் கையேடு, இவ்வளவும் இருந்தன.

நல்லதை முதலில் சொல்கிறேன். டேப் அருமை. கண்ணாடி இழை டேப், சேற்றில் இழுத்தாலும் எண்கள் அழியவில்லை, துடைத்துச் சுருட்டினால் புதுசு மாதிரி இருக்கிறது. கைலென்ஸும் நல்ல தரம், ஐந்தில் ஒன்றுகூட இதுவரை கீறல் விழவில்லை. தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் சுருள் வெள்ளை ஈ வைக்கிற வட்ட வட்டமான முட்டை வரிசையை முதல் தடவை இந்த லென்ஸில் பார்த்தபோது பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் பார்த்தார்கள். 2016இல் இந்தியாவில் முதன்முதலாக அந்த ஈயைக் கண்டுபிடித்ததே எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான், அதனால் எல்லார் வீட்டிலும் அதைப் பற்றிப் பேச்சு உண்டு, ஆனால் முட்டையை யாரும் உற்றுப் பார்த்ததில்லை. பூச்சி வலையின் துணி உறுதி. கைப்பிடி மட்டும் ஆட்டம் காண்கிறது, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டோம். உறிஞ்சு குப்பியில் பூச்சி வாய்க்குள் போகாமல் இருக்க வலைத்துணி கட்டியிருக்கிறார்கள், அதைக் கவனித்துச் செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி சட்டம். இந்தப் பெட்டியின் உயிரே அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லித்தான் நான் இந்தப் பாடத்தைத் தொடங்குவேன். தோப்பில் இருக்கிற எல்லாச் செடியையும் யாராலும் எண்ண முடியாது, அங்கங்கே ஒரு சின்னச் சதுரத்தை எடுத்து அதற்குள் இருப்பதை எண்ணி, அதை வைத்து முழுத் தோப்பையும் கணக்குப் போடுகிறோம். ஆனால் பானையில் ஒரு சோறு போதும் என்பதற்குக் காரணம் இருக்கிறது, அரிசி எல்லாம் ஒரே தண்ணீரில் ஒன்றாகக் கொதிக்கிறது, கரண்டி போட்டுக் கிளறுகிறோம். தோப்பை யாரும் கிளறி வைக்கவில்லை. தென்னை வட்டப்பாத்திக்குள் ஈரம், இரண்டு வரிசைக்கு நடுவில் வெயில், பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரத்தில் எப்போதும் பச்சை. ஒரு சோறு இங்கே போதாது. எத்தனை சோறு, எங்கிருந்து எடுப்பது என்பதுதான் பாடம் முழுக்க.

கையேட்டில் ‘சட்டம் 50 செ.மீ. × 50 செ.மீ., பரப்பு 0.25 சதுர மீட்டர்’ என்று போட்டிருந்தது. குழாய்களை மாட்டினோம், கயிறு கட்டி 25 சின்னக் கட்டங்களாகப் பிரித்தோம், பார்க்க அழகாக இருந்தது. இரண்டு வாரம் அப்படியே எண்ணினோம். அப்புறம் ஒரு பையன் அந்தச் சின்னக் கட்டத்தை ஸ்கேலால் அளந்து, “டீச்சர், பத்து வரலை, ஒன்பதேகால் கூட இல்லை” என்றான். டேப்பை எடுத்து உள்பக்கம் அளந்தோம், 46 செ.மீ. குழாயின் தடிமன் 20 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் சேர்த்து 4 செ.மீ. அதற்கே போய்விட்டது. 50 என்று அவர்கள் சொன்னது வெளியளவு. செடி முளைப்பது சட்டத்துக்கு உள்ளே, குழாய்க்கு அடியில் இல்லை.

நாலு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிட முடியாது. 46ஐ 46ஆல் பெருக்கினால் 2,116, அதாவது 0.2116 சதுர மீட்டர். சொன்னதைவிட 15 சதவீதம் குறைவு. ஒரு தோப்பில் எங்களுக்குச் சட்டத்துக்குச் சராசரி 11 பார்த்தீனியம் செடி கிடைத்திருந்தது. கையேட்டின்படி நாலால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 44. உண்மையான பரப்பால் வகுத்தால் 52. ஏக்கர் கணக்கில் பார்த்தால் சுமார் 32,000 செடி விட்டுப் போகிறது. எல்லாத் தோப்பையும் இதே சட்டத்தால் ஒப்பிட்டால் தவறு எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் இருக்கும், ஒப்பீடு கெடாது, உண்மைதான். ஆனால் பக்கத்துப் பள்ளி தங்கள் சட்டத்தால் எடுத்த எண்ணோடு நம் எண்ணைச் சேர்த்து வைத்துப் பார்க்க முடியாது. வாங்கியவர்கள் தயவுசெய்து உள்ளளவைப் போய் அளந்து பாருங்கள்.

சட்டத்தின் விளிம்பில் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கிற செடியை என்ன செய்வது என்றும் கையேட்டில் இல்லை. நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம் இது: மேல்பக்கமும் இடப்பக்கமும் தொட்டால் எண்ணிக்கையில் சேரும், கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும் தொட்டால் சேராது. அருகம்புல், கோரை மாதிரிக் கொடியாகவும் கொத்தாகவும் போகிறவற்றை ஒவ்வொன்றாக எண்ணவே முடியாது, அவற்றுக்கு 25 கட்டத்தில் எத்தனை கட்டம் நிறைந்திருக்கிறது என்று மட்டும் குறிக்கிறோம். இதற்குக் கயிறு கட்டிய சட்டம் ரொம்ப உதவி.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம். சட்டத்தை எங்கே வைப்பது என்பதற்குக் கையேடு சொல்வது: ‘திரும்பி நின்று தோளுக்குப் பின்னால் எறியுங்கள், அது விழும் இடம் சமவாய்ப்பு இடம்.’ அது சமவாய்ப்பே கிடையாது. பிள்ளைகளைக் கவனித்துப் பார்த்தேன், எறிவதற்கு முன்னாலேயே எங்கே நின்று எறிவது என்று தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், நெருஞ்சி இருக்கிற பக்கம் ஒருவரும் நிற்பதில்லை, நடக்க வசதியான இடத்தில்தான் எல்லாருடைய சட்டமும் விழுகிறது. எறிந்ததில் ஒன்று தென்னை மரத்தில் மோதி மூலை உடைந்ததும் நடந்தது. இப்போது நாங்கள் செய்வது: தோப்பின் ஒரு மூலையில் இரண்டு டேப்பை செங்குத்தாக விரிக்கிறோம், ஒரு டிபன் பாக்ஸில் 0 முதல் 30 வரை எழுதிய துண்டுச் சீட்டுகள், ஒரு சீட்டு எடுத்தால் கிழக்கே எத்தனை மீட்டர், அதைத் திரும்பப் போட்டுக் குலுக்கி இன்னொரு சீட்டு எடுத்தால் வடக்கே எத்தனை மீட்டர். அந்த இடத்தில் முள் இருந்தாலும் சாணி இருந்தாலும் சட்டம் அங்கேதான். பாத்தி, நடுவரிசை, வாய்க்கால் ஓரம் என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குலுக்கிய பிறகுதான் எண்கள் ஒரு நிலைக்கு வந்தன. இதற்கு இரண்டு டேப் வேண்டும், பெட்டியில் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று கட்டட வேலைக்குப் போகிற ஒரு பையனின் அப்பா கொடுத்தார்.

எத்தனை சட்டம் வைத்தால் போதும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒவ்வொரு சட்டத்திலும் புதிதாக எத்தனை இனம் வருகிறது என்று எழுதிக்கொண்டே போங்கள். எங்களுக்கு முதல் சட்டத்திலேயே ஏழு, இரண்டாவதில் மேலும் நாலு, அப்புறம் ஒன்று, ஒன்று, பதினாறாவதுக்குப் பிறகு புதிது ஒன்றும் வரவில்லை. இருபது வரை வைத்துவிட்டு நிறுத்தினோம்.

அடையாள அட்டைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. அழகான அச்சு, நல்ல லேமினேஷன், ஆனால் படங்கள் எல்லாம் குளிர்நாட்டுப் புல்வெளிச் செடிகள். எங்கள் ஊரில் ஒன்றுகூட இல்லை. தும்பை இல்லை, குப்பைமேனி இல்லை, மூக்கிரட்டை இல்லை. 7,400 ரூபாய் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் விற்கிற பெட்டியில் இந்த ஊர்ச் செடி பத்தாவது இருக்க வேண்டாமா? நாங்களே செடியை நாளிதழுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து அட்டையில் ஒட்டி, 31 அட்டை செய்துவிட்டோம்.

அப்படிச் செய்யும்போதுதான் இன்னொரு தவறு பிடிபட்டது, எல்லைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இது நிச்சயம் நடக்கும், அதனால் சொல்கிறேன். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். ஒரு குழு தாளில் தொட்டாற்சிணுங்கி என்று எழுதியிருந்தது, இன்னொரு குழு தொட்டாவாடி என்று எழுதியிருந்தது. கரிசலாங்கண்ணியும் கையோன்னியும் அதே கதை, தும்பையும் தும்பயும் அதே. மூன்று செடிகள் ஆறு இனங்களாகிவிட்டன! மொத்தம் 25 இனம் என்று கரும்பலகையில் எழுதிக் கைதட்டிய தோப்பில் உண்மையில் 22தான். இப்போது தாளில் செடியின் பெயருக்குப் பதில் அட்டை எண்ணைத்தான் எழுத வேண்டும், பெயரை எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பல்லுயிர் வளம் என்று எண்ணைச் சொல்லும்போது இந்த ஒரு விஷயம் எவ்வளவு ஆட்டிவைக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த 22 இனத் தோப்பு, மட்டையையும் உரிமட்டையையும் பாத்தியில் போட்டு மூடாக்கு வைக்கிற தோப்பு. பக்கத்திலேயே ரோட்டாவேட்டர் ஓட்டிக் களைக்கொல்லி அடிக்கிற தோப்பில் 9. இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது, 9 இனம் இருந்தும் பத்துக்கு எட்டுச் செடி பார்த்தீனியமாகவே இருந்தால் அது வளம் ஆகாது. இதற்கு சிம்ப்சன் என்ற புள்ளியியல் அறிஞர் 1949இல் ஒரு சுலபமான அளவு கொடுத்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு செடியைத் தொட்டால் அவை வேறு வேறு இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு, அவ்வளவுதான் விஷயம். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். மூடாக்குத் தோப்புக்கு 0.84 வந்தது, மற்றதுக்கு 0.35. இந்தக் கணக்கு கையேட்டில் சரியாகவே இருக்கிறது, உதாரணத்தோடு, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. கையேட்டில் எனக்குப் பிடித்த ஒரே பக்கம் அது.

குழிப்பொறிக் கப்புகள் மெல்லிய பிளாஸ்டிக், சுற்றிலும் மண்ணை இறுக்கினால் உள்ளே மடிந்துவிடுகின்றன, வாய் தரைமட்டத்துக்கு ஒட்டி நிற்பதில்லை. விளிம்பு ஒரு நூல் மேலே நின்றால்கூட எறும்பும் வண்டும் சுற்றிக்கொண்டு போய்விடும். டீக்கடைக் காகிதக் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று வைத்துப் புதைத்தோம், உள்கப்பை மட்டும் தூக்கிக் கொட்டலாம், குழி சரியாது. மழை விழாமல் இருக்க மேலே மூன்று கல் வைத்து ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தோம், எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாண வண்டு, தரை வண்டு, ஓநாய்ச் சிலந்தி, பூரான், வகை வகையாக எறும்பு, எல்லாம் வந்தன. கையை விடாமல் வெள்ளைத் தட்டில் கொட்டித்தான் பார்க்க வேண்டும், தேளும் வரும். இந்தப் பொறி ஒரு இடத்தில் எத்தனை பூச்சி இருக்கிறது என்பதைவிட எது அதிகம் நடமாடுகிறது என்பதைத்தான் காட்டும், ஓடித் திரிகிற வண்டு விழும், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற புழு விழாது.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு கப்பை மூடாமல் விட்டுவிட்டோம். திங்கட்கிழமை காலையில் ஒன்றில் சின்னத் தவளை ஒன்று காய்ந்து கிடந்தது. எண்ணுவதற்காகப் போட்ட பொறியில் அது செத்தது எங்கள் எல்லாருக்கும் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் கப்புக்கு மூடி கொடுத்திருக்க வேண்டும், பத்து மூடிக்கு என்ன பெரிய செலவு? இப்போது மாலையில் வைத்து மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுக்கிறோம், எடுத்த கையோடு குழியையும் மூடிவிடுகிறோம்.

சரி, மார்க்கர் பேனாவுக்கு வருகிறேன். தலைப்பில் சொன்னது இதைத்தான்.

அக்டோபர் மழையில் எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை வந்துவிட்டது. மலையாளத்தில் ஆப்பிரிக்கன் ஒச்சு என்பார்கள், பாலக்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அரை ஏக்கர் வாழையும் பப்பாளியும், ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தார்ச்சாலை, மற்ற இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர். உள்ளே வருவதும் வெளியே போவதும் குறைவு, அதனால் பிடித்து, அடையாளம் வைத்து, விட்டு, மறுபடி பிடிக்கிற முறைக்கு ஏற்ற இடம். பீட்டர்சன் 1896இல் மீன்களுக்கும் லிங்கன் 1930இல் வாத்துகளுக்கும் யோசித்த முறை இது. முதல் தடவை சிலவற்றைப் பிடித்து அடையாளம் வைக்கிறோம். அவை மற்றவற்றோடு கலந்த பிறகு இரண்டாம் தடவை பிடிக்கிறோம். அதில் எத்தனையில் ஒன்று அடையாளத்தோடு இருக்கிறதோ, முழுக் கூட்டத்திலும் அதே விகிதம்தான் இருக்கும். முதலில் பிடித்ததை இரண்டாவதாகப் பிடித்ததால் பெருக்கி, அடையாளம் உள்ளவற்றால் வகுத்தால் மொத்தம் வந்துவிடும்.

கையுறை இல்லாமல் ஒருவரையும் தொட விடவில்லை. இந்த நத்தையில் எலி நுரையீரல் புழு இருக்கலாம், அது மனிதர்களுக்கு மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். கையுறை பெட்டியில் இல்லை, எச்சரிக்கை வரியும் கையேட்டில் இல்லை. பெற்றோர் சிலரும் டார்ச்சோடு வந்தார்கள், இரவு ஏழரைக்குத் தொடங்கினோம். 38 நத்தைகளின் ஓட்டில் அந்தப் பேனாவால் பச்சைப் புள்ளி வைத்து விட்டோம். தோட்டத்துக்காரர் அய்யா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “ஏனுங்க டீச்சர், புடிச்சதை மறுக்கா எங்க தோட்டத்துலயே உடறீங்களே, இது ஞாயமுங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாலு நாள் பொறுங்கள் அய்யா, எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் நாங்களே சேர்ந்து பொறுக்கித் தருகிறோம் என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து 44 பிடித்தோம். அடையாளம் 4இல்தான் இருந்தது. 38ஐ 44ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 418! அய்யா திகைத்துப் போனார். நானூறு என்றால் கையால் பொறுக்கிக் கட்டாது, நாளைக்கே போய் விஷ உருண்டை வாங்கிவருகிறேன் என்றார். அந்த உருண்டையில் இருக்கிற மெட்டல்டிஹைட் நாய்க்கும் ஆபத்து, அவர் வீட்டில் இரண்டு நாய்கள், கோழிகள் வேறு.

அன்றைக்குப் பிடித்த நத்தைகளை வாளியில் வைத்திருந்தோம். பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவற்றை ஒவ்வொன்றாக லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தவள், “டீச்சர், இதுல பச்சை இருந்த மாதிரி லேசா ஒரு கறை இருக்கு” என்றாள். திரும்பத் திரும்பப் பார்த்ததில் இன்னும் சிலவற்றிலும் அந்தக் கறை தெரிந்தது. மறுநாள் பத்துக் காலி ஓடுகளில் அதே பேனாவால் புள்ளி வைத்து ஈரத் துணியும் சேறும் உள்ள வாளியில் ஓர் இரவு போட்டோம். காலையில் ஏழு ஓடுகளில் புள்ளி இல்லை. பெட்டியின் மேல் ‘நீரில் அழியாத மை’ என்று எழுதியிருக்கிறது.

அடையாளம் அழிந்தால் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள். அழிந்த நத்தை அடையாளம் இல்லாத நத்தையாக எண்ணப்படுகிறது, வகுக்கிற எண் சிறுத்துப்போகிறது, மொத்தம் ஊதிக்கொண்டே போகிறது. அடையாளம் நிலைக்க வேண்டும், அடையாளத்தால் அந்த உயிருக்குக் கேடு வரக்கூடாது, இடையில் வெளியிலிருந்து வருவதும் போவதும் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் அகப்படுகிற வாய்ப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இந்த நாலில் முதலாவதையே இந்தப் பேனா காப்பாற்றவில்லை.

மறுபடி செய்தோம், இந்த முறை நெயில் பாலிஷ். ஓட்டைத் துடைத்து, ஓட்டின் வாய்ப்பக்கம் தாழ்வாக ஒரு சின்னப் பொட்டு, காய்ந்த பிறகு விடுவது. முதுகில் பளிச்சென்று வைத்தால் செம்போத்து கண்ணில் பட்டுவிடும், அந்தத் தோட்டத்து வேலியில் ஒரு ஜோடி இருக்கிறது, நத்தையை உடைத்துத் தின்னும். 40 நத்தைக்குப் பொட்டு வைத்தோம். மூன்றாம் நாள் பிடித்தது 45, பொட்டு உள்ளவை 12. மொத்தம் 150. எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது சாப்மன் 1951இல் சொன்ன திருத்தத்தைப் போட வேண்டும், இரண்டு பிடிப்பிலும் அடையாளத்திலும் ஒவ்வொன்று கூட்டிக் கணக்கிட்டுக் கடைசியில் ஒன்றைக் கழிப்பது. அப்படிப் பார்த்தால் 144.

நூற்றைம்பது என்றதும் அய்யா விஷ உருண்டை யோசனையை விட்டுவிட்டார். சொன்ன சொல்படி நாங்களும் போனோம், ஐந்து இரவுகள் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டதில் 129 கிடைத்தன, கடைசி இரவில் மூன்றே மூன்று. போட்ட கணக்கைத் தோட்டத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சரிபார்க்கிற வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்காது, எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அந்தப் பெண் ஒருத்தி லென்ஸை எடுக்காமல் இருந்திருந்தால் 418 என்ற எண்தான் தாளில் இருந்திருக்கும், அய்யாவின் பணமும் போயிருக்கும்.

அதற்கப்புறம் வகுப்பில் புலியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அலுவலகம் பொள்ளாச்சியில் இருப்பதால் பிள்ளைகளுக்கு அது பக்கத்து வீட்டு விஷயம். புலிக்கு யாரும் பொட்டு வைக்க வேண்டாம், அதன் வரியே அடையாளம், எந்த மழையிலும் அழியாது, இரண்டு புலிக்கு ஒரே வரி கிடையாது. இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு என்பதால்தான் பாதையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கேமரா கட்டுகிறார்கள். முன்பு காலடித் தடத்தை வைத்து எண்ணிக்கொண்டிருந்த நாட்டில், கேமரா முறையில் எடுத்த 2006 கணக்கெடுப்பு 1,411 என்றது, 2022 கணக்கெடுப்பு 3,682 என்றது. நத்தைக்குப் போட்ட அதே பெருக்கல், வகுத்தல்தான் அதற்கும் அடிப்படை என்று சொன்னபோது, முந்தின மாதம் சேற்றில் நின்ற பிள்ளைகளுக்கு நான் மேலே ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. யானைக்கு வேறு வழி: நேராக ஒரு கோடு பிடித்து நடந்து சாணக் குவியல்களை எண்ணுகிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு யானை எத்தனை தடவை போடும், போட்டது மக்க எத்தனை நாள் ஆகும் என்பதை வைத்து யானையின் எண்ணிக்கைக்கு வருகிறார்கள். கேரளப் பக்கத்துப் பரம்பிக்குளத்தில் காலையில் நின்ற யானை மாலையில் தமிழ்நாட்டு டாப்சிலிப் பக்கம் வரும், அதற்கு எல்லைக்கோடு தெரியாது. அதனால்தான் 2024 மே மாதம் தமிழ்நாடும் கேரளாவும் கர்நாடகாவும் ஆந்திராவும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின, தமிழ்நாட்டுக்கு 3,063 வந்தது. எங்கள் தாளில் தொட்டாவாடியும் தொட்டாற்சிணுங்கியும் இரண்டாக விழுந்த மாதிரி ஒரே யானை இரண்டு மாநிலத்தில் விழுந்துவிடக் கூடாதல்லவா!

மண் மீட்டர் வேண்டவே வேண்டாம். ஈரமான வாய்க்கால் மண்ணிலும் சுண்ணாம்பு கொட்டிய இடத்திலும் கார அமில அளவு ஒரே எண்ணைக் காட்டியது.

விற்றவர்களிடம் மூன்று தடவை பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். மண் மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள், அதற்கு இருபது நாள் ஆனது. பேனாவுக்குப் பதில் இன்னொரு பேனா அனுப்பினார்கள், அதே பேனா, அதே மை, வாளியில் போட்டோம், அழிந்தது. சட்டத்தின் அளவைப் பற்றிச் சொன்னபோது, எல்லாருக்கும் இதே அளவுதான் மேடம் கொடுக்கிறோம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. எத்தனை பள்ளிகளில் 0.25 என்று எழுதிக்கொண்டிருக்கிறார்களோ.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். டேப்புக்கும் லென்ஸுக்கும் வலைக்கும் உறிஞ்சு குப்பிக்கும் அந்த இரண்டரை. அவற்றை மட்டும் தனியாக வாங்க முடிந்தால் அப்படியே வாங்குங்கள், பாதி விலைகூட ஆகாது. கப்புக்கு டீக்கடை, பேனாவுக்கு நெயில் பாலிஷ் (கருஞ்சிவப்பு வேண்டாம், ஓட்டின் நிறத்தோடு கலந்துவிடும், நாங்கள் வெள்ளை வைத்தோம்), அட்டைக்கு உங்கள் ஊர்ச் செடி. சட்டத்தை உங்கள் ஊர் பிளம்பரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு அம்பராம்பாளையத்தில் ஒருவர் சட்டம் ஒன்றுக்கு 130 ரூபாய் வாங்கிக்கொண்டு நாலு செய்து கொடுத்தார், குழாயை 50 என்று வெட்டப்போனவரை நிறுத்தி உள்ளளவு 50 வர வேண்டும் அண்ணா என்று சொன்னதும், மூலை எல்போவுக்குள் குழாய் எவ்வளவு போகும் என்று அவரே கணக்குப் போட்டு ஒன்றை மாட்டி அளந்து காட்டிவிட்டுத்தான் மற்றதை வெட்டினார். அந்த நாலு சட்டத்தின் மூலையிலும் பிள்ளைகள் பச்சை பெயிண்டில் ‘உள் 50’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஜூலையில் மூடாக்குத் தோப்பை அந்தச் சட்டத்தால் முதலிலிருந்து மறுபடி எண்ணுகிறோம்.